பின்லாந்து அரசியலின் இரண்டு சம்பிரதாயங்கள்

பின்லாந்து தேசத்துக் கட்சிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பலரும் வலதுசாரி, இடதுசாரி, நடுநிலை என்று மூன்று வகுப்புகளைச் செய்துகொண்டு, அகப்பட்ட கட்சிகளையெல்லாம் அவற்றில் சேர்த்துவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். சேர்த்த பிறகு பார்த்தால், ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள் நெருக்கடியான வேளைகளில் எதிரெதிராக நின்றிருப்பதும், ஜன்மப் பகைவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் ஒரே பக்கத்தில் கைதூக்கியிருப்பதும் தெரியவரும். என் அபிப்பிராயத்தில், அந்நாட்டுக் கட்சிகளுக்கு அடியில் இரண்டு சம்பிரதாயங்கள் ஓடிவந்திருக்கின்றன. சிறிய தேசத்துக்குச் சட்டமே கவசம், அதில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கலாகாது என்பது ஒன்று. பக்கத்திலிருக்கும் வல்லரசு இடம்பெயர்ந்து எங்கும் போய்விடப் போவதில்லை, அதன் மனப்போக்கை அறிந்து நடந்துதான் உள்வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. கட்சிகள் பிறந்து, பிளந்து, பெயர் மாறி, மறைந்தும் போயின. இவ்விரண்டும் கைமாறிக் கைமாறி அண்மைக்காலம் வரைக்கும் வந்திருக்கின்றன.

ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஸ்வீடனின் ஆட்சியில் இருந்த பின்லாந்து 1809இல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கைக்கு மாறியபோது, முதலாம் அலெக்ஸாந்தர் போர்வோ நகரத்துக்கு வந்து, பழைய சட்டங்களையும் சமயத்தையும் அப்படியே காப்பதாக வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கே பின்னாளில் எல்லா வாதங்களுக்கும் மூலாதாரமாயிற்று. பிரபுக்கள், குருமார், நகரத்தார், குடியானவர் என்ற நான்கு வகுப்பாரும் தனித்தனியே அமர்ந்து ஆலோசிக்கும் மகாசபை, அதற்குப் பிறகு 1863 வரை கூட்டப்படவே இல்லை. அரசியல் உறங்கிக் கிடந்த அந்த அரை நூற்றாண்டில் விழித்திருந்தது பாஷை ஒன்றுதான். ஹெகலின் தத்துவத்தில் ஊறிய ஜே. வி. ஸ்னெல்மன் என்ற பேரறிஞர், குடியானவன் பேசும் பின்னிஷ் மொழியே தேசத்தின் மொழியாக வேண்டும் என்று 1844 முதல் குவோப்பியோ நகரத்திலிருந்து ‘சைமா’ என்ற பத்திரிகையில் முழங்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்திரிகை ஸ்வீடிஷ் மொழியில்தான் வெளிவந்தது, அன்று படித்தவர்களின் மொழி அதுதான். இருபது ஆண்டுகளுக்குள் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பின்னிஷ் மொழிக்குச் சம உரிமை கிடைக்க வேண்டும் என்ற ராஜ கட்டளையை 1863இல் சக்கரவர்த்தியிடமிருந்து பெற்றுத் தந்தவரும் அவரே.

மொழி வாதத்திலிருந்து முதல் இரண்டு கட்சிகள் பிறந்தன. யுர்யோ கொஸ்கினென் தலைமையில் குருமாரும் குடியானவரும் பின்னிஷ் கட்சியாகத் திரண்டார்கள். பிரபுக்களும் நகரத்தாரும் ஸ்வீடிஷ் மொழியின் பக்கம் சேர்ந்தார்கள். முன்னதன் தலைவர்களில் பலர் வீட்டில் ஸ்வீடிஷ் பேசி வளர்ந்தவர்கள்; கொஸ்கினெனே ஃபோர்ஸ்மன் என்ற பெயரோடு பிறந்தவர்தாம். 1890களில் பின்னிஷ் கட்சி, பழைய பின்னியர் என்றும் இளைய பின்னியர் என்றும் பிரிந்தது. இளையவர்கள் மொழியோடு தாராளக் கொள்கையையும் சேர்த்துக்கொண்டு ‘பைவலேதி’ என்ற நாளிதழை நடத்தினார்கள். அது 1904இல் தடை செய்யப்பட, அதன் வாரிசாக எழுந்ததே இன்று நாட்டின் முதன்மை நாளிதழாக விளங்கும் ‘ஹெல்சிங்கின் சனோமத்’.

இந்த மொழிச் சண்டையெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படியாக, 1899 பிப்ரவரியில் இரண்டாம் நிக்கலஸ் ஒரு பிரகடனம் வெளியிட்டான். சாம்ராஜ்யம் முழுவதையும் தொடும் சட்டங்களில் பின்லாந்தின் மகாசபைக்கு ஆலோசனை கூறும் உரிமையைத் தவிர வேறொன்றும் கிடையாது என்பது அதன் சாரம். உறைபனிக் காலத்தில், சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு இளைஞர்கள் ஒதுக்குப்புறமான குடிசைகளுக்கெல்லாம் சென்று, கவர்னர் ஜெனரல் பொப்ரிகோவுக்குத் தெரியாமலே, இரண்டு வாரத்துக்குள் 5,20,000க்கு மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். அன்றைய மொத்த ஜனத்தொகை முப்பது லட்சத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. அந்த மகஜரை எடுத்துக்கொண்டு 500 பிரதிநிதிகள் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்கள். சக்கரவர்த்தி அவர்களைப் பார்க்க மறுத்துவிட்டான். மூட்டை மூட்டையாகக் கையெழுத்துகளோடு அவர்கள் திரும்பிய பிறகுதான், இனி என்ன செய்வது என்ற கேள்வி தேசத்தை இரண்டாகப் பிளந்தது.

பழைய பின்னியர் வளைந்து கொடுப்போம் என்றார்கள். பள்ளிக்கூடமும் பாஷையும் உத்தியோகமும் நம் கையில் இருக்கும்வரை உயிர் இருக்கிறது, யானையோடு மோதி எலும்பை முறித்துக்கொள்வதில் வீரம் இல்லை என்பது அவர்கள் வாதம். ஸ்வீடிஷ் கட்சியாரும் இளைய பின்னியரும், பரம விரோதிகளாக இருந்தவர்கள், சட்டத்தின் பெயரால் ஒன்றுகூடி, சட்ட விரோதமான கட்டளைக்குக் கீழ்ப்படிவதே குற்றம் என்றார்கள். இந்த இரண்டாவது வழியைப் பற்றியதற்காக 1903இல் செனட் உத்தியோகத்தை இழந்தவர் கே. ஜே. ஸ்தோல்பெர்க்; பின்னர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர் நீதிபதி ஸ்வின்ஹுவுத். முதல் வழியில் வளர்ந்த இளைஞர் ஜே. கே. பாஸிகிவி. இம்மூவரையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1905ஆம் வருஷத்துப் பொது வேலைநிறுத்தம் சக்கரவர்த்தியைப் பணியவைத்தது. நான்கு வகுப்புச் சபை போய், ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமையோடு 200 பேர் கொண்ட ஒரே சபை 1906இல் சட்டமாயிற்று. பெண்கள் வாக்களிக்க மட்டுமல்லாமல் தேர்தலில் நிற்கவும் உரிமை பெற்றார்கள். 1907இல் ஜெயித்து வந்த 19 பெண்களில் ஒருவர், பன்னிரண்டு வயதிலேயே ஆலை வேலைக்குப் போன மீனா சில்லன்பா. புதிய சபைக்குக் கட்டடம் இல்லாமையால் ஹெல்சிங்கியின் தீயணைப்புத் தொண்டர் சங்க மாளிகையில்தான் முதலில் கூடினார்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பழைய முறையிலிருந்து மிகப் புதிய முறைக்கு ஒரே எட்டில் தாவிய சபை தீயணைப்பு மாளிகையில் கூடியதை நினைத்தால் புன்னகை வருகிறது.

அந்த முதல் தேர்தலில் 80 இடங்களைப் பிடித்தது சமூக ஜனநாயகக் கட்சி. 1899இல் துர்க்கு நகரத்தில் தொழிலாளர் கட்சியாகத் தோன்றி, 1903இல் ஃபோர்ஸா நகரத்து மாநாட்டில் சமதர்மக் கொள்கையை மேற்கொண்ட இக்கட்சியின் பலம் ஆலைத் தொழிலாளர் மட்டுமல்லர். பிறர் நிலத்தில் உழைத்து உழைப்பையே வாரமாகக் கொடுத்துவந்த குடிவாரக்காரர்களும் அதன் பின்னே நின்றார்கள். 1916இல் 103 இடங்களோடு அதற்குத் தனிப் பெரும்பான்மையே கிடைத்தது. ஆனால் 1917 டிசம்பர் 6 அன்று சுதந்திரம் பிரகடனமான சில வாரங்களுக்குள் நாடு தொழிலாளர் பக்கத்துச் சிவப்பர், அரசாங்கப் பக்கத்து வெள்ளையர் என்று பிரிந்து வெட்டிக்கொண்டது. தோற்ற சிவப்பரில் 12,000 பேருக்கு மேல் கைதி முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்தக் கலகத்தில் சேராமல் ஒதுங்கி நின்ற வைனோ டானர், கூட்டுறவுப் பண்டகசாலையின் நிர்வாகி, எரிந்துபோன கட்சியை மீண்டும் கட்டினார். 1926இல் அவர் பிரதமரானார். மறுவருஷம் மே 16 அன்று, ஜனாதிபதி நோயுற்றிருந்தமையால், வெள்ளையரின் வெற்றி நாள் அணிவகுப்பை ஏற்கும் கடமை அவருக்கு வந்தது. தம் தோழர்களைத் தோற்கடித்த காவற்படை எதிரே நடந்து செல்ல, இந்தச் சமதர்மி நின்று மரியாதையை ஏற்றுக்கொண்டார். சொந்தக் கட்சியில் பலர் அதை மன்னிக்கவில்லை. ஆயினும் பின்லாந்தின் உள்நாட்டுப் போர் மனங்களில் முடியத் தொடங்கிய நாட்களுள் அதுவும் ஒன்று.

குடியானவர் கட்சியை நிறுவிய சந்தேரி அல்கியோ, லைஹியா கிராமத்தில் கடை வைத்திருந்த நாவலாசிரியர். வாலிபர் சங்கங்களையும் மதுவிலக்கையும் அரசியலுக்கு முதற்படியாகக் கருதியவர். 1918இல் ஜெர்மானிய இளவரசன் ஒருவனை அரசனாக்கச் சபை முடிவு செய்தபோது விடாமல் எதிர்த்து நின்றது இக்கட்சி. அதன் மற்றொரு பெருந்தலைவர் கியோஸ்தி கல்லியோ, 1922ஆம் வருஷத்து நிலச் சட்டத்தால் நிலமற்றவர்களைச் சிறு நிலக்காரர்களாக்கினார். துப்பாக்கியால் தீராத வழக்கை நிலத்தால் தீர்த்த அந்தச் சட்டத்துக்கு, பின்லாந்தின் எந்தக் கட்சிப் பிரகடனமும் ஈடாகாது என்பேன்.

ஜெர்மனி தோற்றதும் அரசன் பேச்சு மறைந்து, 1919இல் குடியரசுச் சாசனம் வந்தது. அதை வரைந்த ஸ்தோல்பெர்க்கே, தளபதி மன்னர்ஹைமை 143க்கு 50 என்ற கணக்கில் வென்று முதல் ஜனாதிபதியானார். பழைய பின்னியரும் அரசாட்சி ஆதரவாளர்களும் தேசியக் கூட்டணிக் கட்சியாயினர். இளைய பின்னியரில் குடியரசுவாதிகள் முன்னேற்றக் கட்சியாயினர். 1929இல் லபுவா என்ற ஊரில் கிளம்பிய கம்யூனிஸ்ட் எதிர்ப்பு இயக்கம், சட்டத்தை மதிப்பவர்களையே எதிரிகளாக எண்ணத் தலைப்பட்டது. 1930 அக்டோபரில் ஒருநாள் காலை உலாவப் புறப்பட்ட ஸ்தோல்பெர்க்கையும் அவர் மனைவியையும் காரில் ஏற்றிக் கிழக்கே யோயென்சு வரைக்கும் கடத்திக்கொண்டுபோய் விட்டார்கள். முன்னாள் ஜனாதிபதியை நடுத்தெருவில் தூக்கிச் சென்ற அக்கிரமத்தைக் கண்டு தேசமே திடுக்கிட்டது. மறுவருஷத் தேர்தலில் இயக்கத்தார் ஆதரித்த ஸ்வின்ஹுவுத், ஸ்தோல்பெர்க்கை 151க்கு 149 என்று வென்றார். ஆனால் 1932இல் அதே இயக்கத்தார் மந்த்சலாவில் ஆயுதத்தோடு கூடியபோது, பழைய நீதிபதி விழித்துக்கொண்டார். வானொலியில் பேசி அவர்களை வீட்டுக்குத் திரும்பச் செய்தார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவர்களே கேட்டு வாங்கிய குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டே அவர்களுடைய இயக்கமும் கலைக்கப்பட்டது.

1944இல் சோவியத் ருஷ்யாவிடம் தோற்ற பிறகு மற்றச் சம்பிரதாயத்தின் காலம் திரும்பிற்று. எழுபத்து மூன்று வயதில் பிரதமராகி, 1946இல் ஜனாதிபதியுமான பாஸிகிவி, தம் இளமையில் கற்ற பழைய பின்னியர் பாடத்தை அப்படியே எடுத்தோதினார். பூகோளத்தை யாராலும் மாற்ற முடியாது என்பது அதன் முதல் சூத்திரம். விலையும் கொடுத்தார். போருக்குப் பொறுப்பானவர்கள் என்று எட்டுத் தலைவர்களைத் தண்டிப்பதற்காக, செயல் முடிந்த பிறகு சட்டம் இயற்றி விசாரணை நடந்தது. ஸ்தோல்பெர்க்கின் கட்சியைச் சேர்ந்த போர்க்கால ஜனாதிபதி ரியூதிக்குப் பத்து ஆண்டு, டானருக்கு ஐந்தரை ஆண்டு. அச்சட்டத்தை முன்நின்று நிறைவேற்றிய நீதி மந்திரி, சட்டக் கலையில் டாக்டர் பட்டம் பெற்ற உர்ஹோ கெக்கோனென்.

கெக்கோனென் 1956இல் ஜனாதிபதி தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபாகர்ஹோல்மை வென்ற கணக்கும் 151க்கு 149தான். ஒரு வாக்கு மாறியிருந்தால் இருவரும் சமமாய் நின்றிருப்பார்கள். அந்த ஒரு வாக்கால் அவர் கால் நூற்றாண்டு ஆண்டார். 1961இல், நீதித்துறையில் பெயர் பெற்ற ஹொன்காவை அவருக்கு எதிராகப் பல கட்சிகள் நிறுத்தியிருந்த சமயத்தில், மாஸ்கோவிலிருந்து ராணுவ ஆலோசனை கோரும் கடிதம் வந்தது. ஹொன்கா விலகினார், கெக்கோனென் நோவோசிபிர்ஸ்க் போய்க் குருஷ்சேவைப் பார்த்துப் பேசி வந்தார். 1973இல் தேர்தலே இல்லாமல் தனிச் சட்டத்தால் அவர் பதவி நான்கு ஆண்டு நீட்டப்பட்டது. 1975இல் ஐரோப்பியத் தலைவர்களையெல்லாம் ஹெல்சிங்கியில் கூட்டிய கீர்த்தி அவருடையது. சாமர்த்தியத்தில் அவருக்கு நிகர் அங்கே பிறக்கவில்லை. ஆயினும் கட்சித் தலைவர்கள் அயல்நாட்டுத் தூதரின் முகம் பார்த்துப் பேசப் பழகியதும் அவர் காலத்தில்தான்.

மற்றக் கட்சிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1958இல் 50 இடங்களோடு முதலிடம் பெற்ற மக்கள் ஜனநாயக அணி, உட்பகையால் தேய்ந்தது. கெக்கோனெனை ஓயாமல் சாடிய வென்னமோவின் கிராமக் கட்சி 1970இல் 18 இடம் பெற்றது. அதன் சாம்பலிலிருந்து எழுந்த மெய்ப் பின்னியர் கட்சி 2011இல் 39 இடம் பெற்றது. பசுமைக் கட்சி 1987இல் முறைப்படி அமைந்தது. 2000ஆம் வருஷத்துச் சாசனம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்து, பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சபைக்கே கொடுத்தது. ஸ்தோல்பெர்க் இருந்திருந்தால் எப்படி எண்ணியிருப்பாரோ, ஏனெனில் வலுவான ஜனாதிபதியை வரைந்தவரே அவர்தாம். ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த மூன்றாம் மாதம், 2022 மே 17 அன்று, நேட்டோ அணியில் சேர விண்ணப்பிக்கும் தீர்மானத்துக்கு 188 பேர் ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பழைய பின்னியர் வழி அத்துடன் சபையை விட்டு வெளியேறிற்று. 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட எல்லை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தப் பரம்பரையில் தரம் பிரிக்கச் சொன்னால், முதலிடம் ஸ்தோல்பெர்க்குக்கு, அடுத்தது டானருக்கு, மூன்றாவது பாஸிகிவிக்கு என்பேன். கெக்கோனெனுக்கு அதற்கப்புறம்தான் இடம். இந்த வரிசையை ஒப்பாதவர்கள், 1946இல் ரியூதியைத் தண்டித்த வழக்கின் வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு வாதத்துக்கு வரட்டும்.