பிறக்கும் முன்பே வளர்ந்துவிட்ட குறியீடுகள்

மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகள் அண்மை ஆண்டுகளில் வரிசையாகக் கொண்டுவரும் இண்டெக்ஸ் ஃபண்டுகளில் பல, சென்செக்ஸையும் நிஃப்டி 50-ஐயும் விட்டு மொமென்டம், ஆல்ஃபா, லோ வொலட்டிலிட்டி, டிஃபென்ஸ் என்ற பெயர்களில் உள்ள குறியீடுகளின் பின்னால் போகின்றன. புதிய ஃபண்டுக்குச் சொந்த வரலாறு கிடையாது. ஆகவே குறியீட்டின் வரலாறே விளம்பரமாகிறது. நிஃப்டி 200 மொமென்டம் 30-இன் வரைபடம் 2005 ஏப்ரல் 1 அன்று 1000 புள்ளியில் தொடங்கி, பல மடங்கு ஏறி நிற்கிறது. அந்தக் குறியீடு முதன்முதலாக வெளியானதோ 2020 ஆகஸ்டில். டிஃபென்ஸ் குறியீட்டின் கோடு 2018 ஏப்ரலில் தொடங்குகிறது. அது வெளியானது 2022-இல். இப்படி முன்தேதியிட்டு வரலாறு எழுதலாமா என்று கேட்டால், இத்துறையினர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: விதி வெளிப்படையானது, அதில் எவருடைய விருப்பு வெறுப்பும் இல்லை, பயன்படுத்திய விலைகள் எல்லாம் சந்தையில் உண்மையாக நடந்த விலைகள். இந்தப் பதில் மேலோட்டமாகச் சரி, அடிப்படையில் தவறு.

கணக்கிடும் முறையில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. புரொமோட்டர்கள் கையில் முடங்கிக் கிடக்கும் பங்குகளைக் கழித்து, சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பை மட்டும் எடைக்கு எடுத்துக்கொள்ளும் முறைக்கு சென்செக்ஸ் 2003-இலும் நிஃப்டி 2009-இலும் மாறின; நல்ல மாற்றம். டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடுதான் ஃபண்டுகள் தம்மை ஒப்பிட வேண்டும் என்று 2018-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியதும் நல்லதே. தோற்ற கம்பெனிகளை நீக்கிவிட்டுக் குறியீடு தன் நஷ்டத்தை மறைக்கிறது என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2009 ஜனவரி 7 அன்று நாலில் மூன்று பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. மறுநாள் சென்செக்ஸிலிருந்து அதை எடுத்தபோது அந்த இழப்பு முழுவதும் குறியீட்டில் ஏறிவிட்டிருந்தது. ஒரு கம்பெனி போய் இன்னொன்று வரும்போது, புள்ளி துள்ளாதபடி வகுக்கும் எண் மட்டுமே திருத்தப்படுகிறது. பட்ட அடியை யாரும் துடைப்பதில்லை. நாள்தோறும் நடப்பில் கணக்கிடப்படும் குறியீடு தன் தவறுகளைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்ட குறியீட்டுக்கு அந்தச் சுமை இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

மொமென்டம் 30-ஐயே கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நிஃப்டி 200 பட்டியலில் உள்ள பங்குகள் கடந்த 6 மாதத்திலும் 12 மாதத்திலும் எவ்வளவு ஏறின என்று பார்த்து, அவற்றின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்து, முன்னணியில் உள்ள 30-ஐ எடுக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும், பட்டியல் மாறுகிறது. ஒரு பங்கின் எடைக்கு உச்சவரம்பு உண்டு. எல்லாம் தெளிவாக அச்சில் இருக்கிறது. ஆனால் ஏன் 6-உம் 12-உம்? 3-உம் 9-உம் ஏன் இல்லை? ஏன் 30? 20-உம் 50-உம் என்ன பாவம் செய்தன? காலத்துக்கு நான்கு வாய்ப்பு, எண்ணிக்கைக்கு மூன்று, பட்டியலை எப்போது மாற்றுவது என்பதற்கு மூன்று, உச்சவரம்பு உண்டா இல்லையா என்று இரண்டு எனக் குறைத்துக் கணக்கிட்டாலும் 72 வெவ்வேறு குறியீடுகள் கிடைக்கும். பதினைந்து ஆண்டு விலைகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் வேண்டுமென்றே ஏமாற்ற வேண்டியதில்லை. எந்த வகை விதி இந்தக் காலத்தில் ஜெயித்தது என்பது அவர் அறிந்த செய்தி. அந்த அறிவு அவர் எழுதும் ஒவ்வொரு விதியிலும் ஊறியிருக்கும். விதிக்கு விருப்பு வெறுப்பு இல்லாமல் இருக்கலாம். விதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு முடிவு தெரியும். 2005 முதல் 2020 வரை நிஃப்டி 50-க்குப் பின்தங்கியிருக்கக்கூடிய ஒரு விதியை எடுத்துப் பெயர் சூட்டி, அதன்மேல் ஃபண்ட் தொடங்கச் சொல்லி யார் விற்கப்போகிறார்கள்? நம் கண்ணுக்கு வருபவை எல்லாம் வென்றவையாக இருப்பதில் வியப்பில்லை.

ஏறும் பங்கு கொஞ்ச காலம் தொடர்ந்து ஏறும் என்பது ஆய்வில் நிறுவப்பட்டது, நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993-இலேயே அமெரிக்கச் சந்தையை வைத்துக் காட்டினார்கள் என்று பதில் வரும். உண்மைதான். அந்தப் போக்கு உண்டு என்பதற்கு அது சான்று. வரைபடத்தில் உள்ள சதவீதம் ஒரு முதலீட்டாளருக்குக் கிடைத்திருக்கும் என்பதற்கு அது சான்றாகாது. குறியீடு எந்தச் செலவும் இல்லாமல், கடைசி விலையிலேயே, கேட்ட அளவு முழுவதும் வாங்கி விற்கிறது. 2005-இல் இந்த விதியின் பின்னால் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஒரே நாளில் ஒரே 30 பங்குகளுக்குள் நுழைந்து, பழையவற்றிலிருந்து வெளியேறினால் அந்த விலைகள் அப்படியே நின்றிருக்குமா? விலைகள் உண்மையானவை என்கிறார்கள். அந்தப் பணம் சந்தையில் இல்லாதபோது இருந்த விலைகள் அவை.

முன்தேதியிடும் இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. சென்செக்ஸ் வெளியானது 1986 ஜனவரியில். அதன் அடிப்படை ஆண்டு 1978-79, அடிப்படை எண் 100. வெளியான நாளிலேயே அது 500-க்கும் 600-க்கும் இடையில் இருந்தது. 1979-இல் பெரிதாக இருந்து 1985-க்குள் நொடித்துப்போன கம்பெனிக்கு, 1986-இல் எழுதிய 30 பேர் பட்டியலில் இடம் கிடைக்க வழியே இல்லை. அதற்குப் பிறகு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் போன்றவை பட்டியலில் இருந்து தேய்ந்ததைச் சென்செக்ஸ் நேர்மையாகச் சுமந்தது. முதல் ஏழு ஆண்டுகளுக்கு அப்படிப்பட்ட சோதனை எதுவும் வரவில்லை. 2024 ஜூலையில் 80,000 புள்ளியைத் தொட்டதும், 100 ரூபாய் 80,000 ஆனது என்ற கணக்கு எங்கும் பரவியது. டிவிடெண்டை விட்டுப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 16 சதவீதம். குறியீடு உண்மையில் பிறந்த நாளிலிருந்து எண்ணினால் 14 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இரண்டு சதவீதம்தானே என்று தள்ளிவிட முடியாது: 40 ஆண்டில் ஒரு ரூபாய் 16 சதவீதத்தில் 379 ரூபாய் ஆகும், 14 சதவீதத்தில் 189 ரூபாய். ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பவர் எந்த எண்ணை நம்பித் திட்டம் போட வேண்டும்?

இங்கே அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் குறியீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். கணக்குமுறையில் அதைவிட மோசமானது அரிது. கம்பெனியின் அளவைப் பாராமல் பங்கின் விலையை மட்டும் வைத்து எடை போடுகிறது. 2020 ஆகஸ்டில் ஆப்பிள் தன் பங்கை நான்காகப் பிரித்ததும், தொழிலில் எதுவும் மாறாமலேயே குறியீட்டில் அதன் செல்வாக்கு கால்பங்காகச் சுருங்கியது. ஆயினும் 1896 மே 26 அன்று 12 கம்பெனிகளோடு 40.94 என்று வெளியான முதல் எண்ணிலிருந்து, ஏறத்தாழ ஒவ்வொரு எண்ணும் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் வெளியிட்டது. 1939-இல் ஐபிஎம்மை நீக்கினார்கள். அது மாபெரும் நிறுவனமாக வளர்ந்த நாற்பது ஆண்டுகளும் வெளியே வைத்திருந்து, 1979-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அந்தப் பிழை டோவின் வரலாற்றில் இன்றும் இருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிடும் எவரும் ஐபிஎம்மைத் தவறவிட்டிருக்க மாட்டார்.

அடிப்படை நாளும் வெளியான நாளும் விவரக்குறிப்பில் அச்சிடப்பட்டிருக்கின்றனவே, எதையும் மறைக்கவில்லையே என்பது கடைசி வாதம். அச்சிடுகிறார்கள், ஆனால் அதே தாளில் தொடக்கம் முதலான ஆதாயம் என்று தரும் சதவீதம் அடிப்படை நாளிலிருந்து எண்ணப்படுகிறது, கோடும் இடையில் எங்கும் முறியாமல் ஓடுகிறது. வெளியான நாளில் அந்தக் கோட்டை முறித்து, அதற்கு முந்தைய பகுதியை வேறு நிறத்தில் போடச் செபி ஆணையிட்டால் போதும். ஃபண்ட் விளம்பரத்தில் இடம்பெறும் ஆதாயக் கணக்கு வெளியான நாளிலிருந்தே தொடங்க வேண்டும். விதியை வகுத்தபோது சோதித்துப் பார்த்துக் கைவிட்ட மற்ற விதிகளின் முடிவுகளையும் குறியீட்டு நிறுவனம் உடன் வெளியிட வேண்டும். இதற்குப் புதிய கணிதம் எதுவும் வேண்டாம். கணக்குகள் ஏற்கெனவே அவர்கள் கணினியில் இருக்கின்றன.