துளையின் அளவும் பல்லின் தடமும்

எங்கள் தாத்தா கப்பலுக்குப் போனவர். பெரியதாழை வீட்டில் அவர் விட்டுப்போன சாமான்களில் ஒரு மரச் சுங்கானும் உண்டு. போன கிறிஸ்துமஸ் லீவில் அதைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். கிண்ணத்துக்குள் இறுகியிருந்த கரியைச் சுரண்டினேன். வாயில் வைக்கும் பகுதி கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டதும் கருகருவென்று மின்னியது. அதே ஜோரில் மரத்தண்டையும் தேய்த்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே எழுத்து இருந்திருக்கிறது.

சேகரிப்பாளர்களுக்கு அந்த எழுத்துதான் உயிர். டப்ளின் பீட்டர்சன் கம்பெனியின் சுங்கானில் 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்றிருந்தால், அந்தப் பெயரில் ஒரு நாடு இருந்த 1922–37 காலத்தை ஒட்டியது என்று சொல்லிவிடலாம். நான் அழித்தது அப்படிப்பட்ட ஒரு விலாசத்தை.

எழுத்தே இல்லாத பழைய களிமண் சுங்கான்களுக்கு வேறு வழி உண்டு. காலம் போகப் போக தண்டின் துளை சிறுத்துக்கொண்டே வந்ததை ஹாரிங்டன் 1954இல் கவனித்தார். 1961இல் லூயிஸ் பின்ஃபோர்ட் அதைச் சமன்பாடாக்கினார்: சராசரித் துளை விட்டத்தை அங்குலத்தின் 64இல் எத்தனை பங்கு என்று அளந்து, 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழிக்க வேண்டும். 5 பங்கு என்றால் சுமார் 1740. இன்ஜினியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதே கணக்கில் துளையே இல்லாத சுங்கான் 1931இல் வந்திருக்க வேண்டும்!

அந்தச் சமன்பாடு பிறந்தது இங்கிலாந்துச் சுங்கான்களிலிருந்து. தூத்துக்குடிக்கு 1658இல் வந்தவர்களோ டச்சுக்காரர்கள். அவர்களுடைய கௌடா நகரத்துச் சுங்கான் வேறு கணக்கில் சிறுத்தது. அதன் குதிகாலில் குத்திய முத்திரையும் ஓர் ஆளின் பெயர் அல்ல. வாரிசுக்குப் போகும், விற்கப்படும், வாடகைக்கும் விடப்படும். முத்திரையைப் படித்துவிட்டதால் செய்தவனைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆகாது.

நம் விமர்சனம் பாதி நேரம் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) படித்த கையோடு நண்பர்களிடம் நான் சொன்னது: "மெல்வில் மாதிரி, கொஞ்சம் ஹெமிங்வே." குதிகாலைத் திருப்பி முத்திரை பார்த்தாச்சு, வேலை முடிந்தது. வேறொரு கடலில் போட்ட சமன்பாட்டை நம் கரைக்கும் போட்டுவிட்டேன்.

பிறகு அதே நாவலிலிருந்து ஆச்சிக்குச் சில பக்கங்கள் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு மெல்விலும் தெரியாது, ஹெமிங்வேயும் தெரியாது. நான் அகராதி தேடிய சொற்களில் அவள் நிற்கவே இல்லை. வேறு இடங்களில் நிறுத்தி, "இத நம்ம ஊர்ல இப்டிச் சொல்ல மாட்டாவ" என்று திருத்தினாள். அந்த மொழி யார் வாயில் எப்படிப் புழங்கியது என்று அவளுக்குத் தெரியும். அந்த நாவலின் பலம் அங்கேதான் இருக்கிறது. செல்வாக்குப் பட்டியல் போட்ட எனக்கு அது காதிலேயே விழவில்லை.

யார் செய்தது என்று கேட்பது தப்பில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு.

மினுமினுத்த சுங்கானை ஆச்சி கையில் கொடுத்தேன். அழிந்துபோன எழுத்தை அவள் தேடவில்லை. வாய்ப்பகுதியைத் தடவிப் பார்த்தாள்.

"எல, அவிய பல்லுத் தடத்தையும் சேத்துல்லா தேச்சுட்ட!"

அடிப்பக்கம் ஒரு பள்ளம் மிச்சமிருக்கிறது. லேசாகச் சூடு காட்டினால் ரப்பர் மேலெழும்பி அதுவும் மறைந்துவிடும். காட்டவில்லை.