நடையும் உடையும்

நடை, உடை, பாவனை என்று மூன்றையும் சேர்த்தே சொல்வது நம் வழக்கம். எழுதுகிறவனுக்கு இவற்றில் முதலாவதைப் பற்றித்தான் கவலை. 'உங்கள் நடை நன்றாயிருக்கிறது' என்று யாராவது சொல்லிவிட்டால் உச்சி குளிர்ந்துபோகும். உடையைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. என் நாவல்களில் வரும் பெண்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த புடவைகளை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. நல்லவள் என்றால் கைத்தறிச் சேலையும் தலை நிறையப் பூவும். பின்னால் தடுமாறப் போகிறவள் என்றால் கையில்லாத ரவிக்கை. அவள் யார் என்று வாசகருக்குச் சொல்லும் பொறுப்பைத் தையற்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கிறேன்.

இந்த ஞானத்தை எனக்குக் கொடுத்தது ஒரு ஜப்பானிய நாவல். அதை என் கையில் திணித்தவள் என் அக்காள் மகள்.

அவள் பிறந்து வளர்ந்தது போடிநாயக்கனூரில். மதுரையில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். குடை போல விரிந்த பாவாடை, கழுத்திலும் கையிலும் லேஸ், தலையில் பெரிய ரிப்பன். பழைய பிரெஞ்சுப் பொம்மை ஒன்று உயிர் பெற்று வந்த மாதிரி ஒரு பெண் நின்றாள்.

"இவங்க பேரு மிசாகோ அவோகி, மாமா. ஜப்பான் சர்க்காரே 2009-லே இவங்களைத் தூதராப் போட்டு, அவங்க நாட்டு உடுப்பை உலகத்துக்கெல்லாம் காட்டச் சொன்னாங்க. இவங்களும் என்னை மாதிரி நர்ஸ்தான்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோதுதான் அவள் குரலில் பெருமை இருந்தது. நாள் முழுக்க யாரோ கொடுத்த சீருடையில் நிற்கிறவளுக்குத் தானே தேர்ந்துகொள்ளும் ஓர் உடையின் அருமை தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "சினிமாக்காரி வேஷம் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவைத்தேன். பதில் சொல்லாமல் நாவலை எடுத்து நீட்டினாள்.

நோவாலா தாகெமோட்டோ 2002-இல் எழுதிய நாவல் அது. ஜப்பானிய மொழியில் அதன் பெயருக்கு 'ஷிமோட்சுமா கதை' என்று பொருள். 2004-இல் டெட்சுயா நகாஷிமா அதைப் படமாக எடுத்தார். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, யுத்தகால வாசனை அடிக்கும் 'காமிகாஸே கேர்ள்ஸ்' என்ற பெயரை வைத்துவிட்டார்கள். புத்தகம் விற்க அது உதவியிருக்கலாம்; கதையின் உயிர் அந்த ஊர்ப் பெயரில்தான் இருந்தது.

ஷிமோட்சுமா என்பது டோக்கியோவுக்கு வடக்கே இபராகி மாகாணத்தில் உள்ள சிறிய ஊர். சுற்றிலும் வயல். ஊரில் எல்லாரும் ஒரே பெரிய கடையில் ஒரே மாதிரித் துணி வாங்கி உடுத்துகிறார்கள். அங்கே மொமோகோ என்ற பெண், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் பிறந்திருக்க வேண்டியவள் தான் என்று எண்ணிக்கொண்டு, லேஸும் ரிப்பனுமாக வயல் வரப்பில் நடந்து போகிறாள். ரெயில் ஏறி டோக்கியோவில் உள்ள டைக்கன்யாமாவுக்குப் போய் அந்த உடைகளை வாங்கி வருகிறாள். அவளுக்கு வந்து சேரும் தோழி இச்சிகோ, மோட்டார் சைக்கிள் கூட்டத்தைச் சேர்ந்த முரட்டுப் பெண். இந்த இருவரின் சிநேகமே கதை.

இந்த உடைக்கு ஜப்பானில் 'லோலிதா' என்று பெயர். கேட்டதும் நமக்கு நபக்கோவின் 1955 நாவல்தான் நினைவுக்கு வரும். முகம் சுளிக்கத் தோன்றும். விஷயம் நேர் எதிரானது. கழுத்து முதல் முழங்கால் வரை மூடிய உடை அது. ஆண்பிள்ளைகள் பார்ப்பதற்காக உடுத்துவதல்ல. அவர்களுக்கு அது பிடிப்பதுகூட இல்லை. தன் கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டும் என்பதற்காக ஒருத்தி உடுத்திக்கொள்வது. நாவல் இதை ஓரிடத்திலும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. மொமோகோ நடக்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. தனக்கு யாருமே வேண்டாம் என்று மொமோகோ அடிக்கடி சொல்லிக்கொள்வதை ஆசிரியர் அளவுக்கு மேல் ரசிக்கிறார். அவள் கனவு காணும் பிரெஞ்சுப் பிரபுக்களின் லேஸை யாருடைய விரல்கள் பின்னின என்ற கேள்வி புத்தகத்தில் எழவே இல்லை. அந்த உடைகளின் விலையையும் ஒரு நர்ஸின் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும். படத்திலோ வர்ணங்கள் கண்ணைப் பறிக்கிற வேகத்தில் துயரம் தங்க இடமில்லாமல் போகிறது.

ஆனாலும் ஒரு விஷயம் புத்தகத்தைக் காப்பாற்றிவிடுகிறது. மொமோகோவுக்கு ஊசி பிடிக்கத் தெரியும். இச்சிகோவின் முரட்டு அங்கியில் அவள் பூவேலை செய்து கொடுக்கிறாள். பின்னால், அவள் உடை வாங்கும் கம்பெனியே அவள் கைத்திறனைக் கேட்கிறது. கடையில் வாங்கி உடுத்தும் வரையில் அவளுடையது வெறும் ஆசை. சொந்தக் கையால் நூலைக் கோக்கும்போதுதான் அது அவளுடைய பாணி ஆகிறது. கடைசியில் இச்சிகோவுக்கு ஆபத்து என்றதும், உஷிக்கு நகரத்துப் பெரிய புத்தர் சிலை இருக்கும் இடத்துக்கு அதே லேஸ் உடையோடு பாய்ந்து போகிறாள். அது சேறாகிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

எங்கள் ஊருக்கு இது புதிதா? விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்குப் போகும். சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து பறிக்க வேண்டும். குளிருக்கும் அட்டைக்கும் புதருக்கும் அந்தச் சட்டை வேண்டும். புருஷன் சட்டையைப் பெண்சாதி போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போவதை ஊர் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. பிழைப்புக்காக எதை உடுத்தினாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். ஆசைக்காக உடுத்தினால்தான் பஞ்சாயத்து.

அந்தப் பஞ்சாயத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் அக்காள் மகள் அந்த விலையுயர்ந்த உடை எதையும் வாங்கவில்லை. பாட்டியின் நைந்துபோன சுங்குடிச் சேலையைப் பிரித்து, தானே மெஷினில் உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாக ஒரு கவுன் தைத்தாள். சுங்குடிப் புள்ளிகள் இரைத்த மாதிரி இருக்க, கழுத்தில் மட்டும் வெள்ளை லேஸ். அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதைத்தான் உடுத்திக்கொள்வேன் என்றாள்.

"தம்பி, நீயாவது சொல்லேன்" என்றாள் அக்கா.

நானும் சொன்னேன். "இன்றைக்கு ஒரு நாள் பட்டுச் சேலை கட்டிக்கொள் அம்மா. கவுன் எங்கே போய்விடப் போகிறது?" என்றேன். என் நாவல்களில் எத்தனையோ மாமன்மார்கள் பேசிய வசனம் அது.

கட்டிக்கொண்டாள். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. அக்கா இரண்டு நாள் அழுதாள். அவள் அழவில்லை. என்னிடம் வந்து, "அவங்களுக்குப் பிடிக்காதது என்னையா, அந்தச் சேலையையான்னு தெரியாமலே போச்சே மாமா" என்றாள்.

எத்தனை விமர்சகர்கள் என் எழுத்தைக் கிழித்திருக்கிறார்கள்! இந்த ஒரு வாக்கியம் போல எதுவும் தைத்ததில்லை. கதாநாயகிகளுக்கு நான் உடுத்திய சேலைகளை வாசகர்கள் பாராட்டியபோது, உள்ளே இருந்தவளை அவர்கள் பார்க்கவே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

விடுமுறை முடிந்து அவள் மதுரைக்குக் கிளம்பினாள். 2010-இல் நின்றுபோன ரெயில் 2023-இலிருந்து மறுபடி போடிக்கு வருகிறதல்லவா? மாலை வண்டிக்குப் புறப்பட்டோம். சுங்குடிக் கவுனைத்தான் உடுத்தியிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தேன். கடைத்தெருவில் பேச்சு நின்று நின்று தொடர்ந்தது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

தோட்டத்திலிருந்து திரும்பிய ஜீப் ஒன்று நின்று பெண்களை இறக்கிவிட்டது. ஆண் சட்டையும் தலைத்துண்டுமாக இறங்கிய ஓர் அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே வந்து கழுத்து லேஸைத் தொடப் போனவள், கையில் மண் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எங்கே தச்சது கண்ணு?"

"நானே தச்சேன் அத்தை."

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அடுத்த நாவலில் அந்த அம்மாளுக்கு ஓர் இடம் உண்டு. என்ன உடுத்தியிருப்பாள் என்பதை அவளையே கேட்டுக்கொண்டு எழுதுவதாக இருக்கிறேன்.