தொற்றும் கழிவும்: செவிலியத்தின் அடிப்படைப் பாடம்

செவிலியப் பாடநூல்களில் தொற்றுத் தடுப்பு ஓர் இயல், கழிவகற்றல் வேறோர் இயல். முன்னதில் கை கழுவுவது, கையுறை அணிவது, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது. பின்னதில் பெட்பேன், கேத்தீட்டர், எனிமா. இரண்டுக்கும் நடுவே படுக்கை விரிப்பதும் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதுமாகப் பல பக்கங்கள் போய்விடும். வார்டில் இந்த இரண்டும் பிரிந்து வருவதே இல்லை. மலமும் சிறுநீரும் உடலைவிட்டு வெளியேறும் இடத்தில்தான் கிருமியும் வெளியேறுகிறது. அதை ஏந்தும் கைதான் அடுத்த கட்டிலுக்கும் போகிறது. இத்துறையின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினால், முன்னேற்றம் வந்த இடங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்த்த இடங்கள் என்பது தெரியும்.

அமெரிக்கச் செவிலிய அறிஞர் வர்ஜினியா ஹெண்டர்சன் எழுதி, 1960-ல் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் வெளியிட்ட சிறுநூலில் மனிதனின் அடிப்படைத் தேவைகள் 14 என்று வகுக்கப்பட்டிருக்கின்றன. மூச்சு விடுவது முதலாவது, உண்பதும் குடிப்பதும் இரண்டாவது, கழிவை வெளியேற்றுவது மூன்றாவது. உறக்கம், உடை, வழிபாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசை நியாயமானது. வார்டில் அந்த வேலைக்குக் கிடைக்கும் மதிப்போ கடைசி இடத்தில்தான் இருக்கிறது.

1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குட்டாரியின் படை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது, அந்தக் கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றிருந்தது. போர்க்காயத்தால் இறந்த சிப்பாய்களைவிட வயிற்றுப்போக்காலும் காலராவாலும் காய்ச்சல்களாலும் இறந்தவர்கள் பல மடங்கு. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் சாக்கடையை அலசித் திறந்துவிட்டது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. காற்று வர வழி செய்தது. ஜூனில் அந்த எண் 2-ஆக இறங்கியது. நாடு திரும்பி, புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து கணக்குகளைப் பார்த்தபோதுதான் இதன் முழுப் பொருளும் நைட்டிங்கேலுக்கு விளங்கியது. கையில் விளக்கோடு அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அந்தச் சாக்கடையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1859-ல் எழுதிய செவிலியக் குறிப்புகள் நூலில், மூடியில்லாத மலச்சட்டியை நோயாளியின் அறையில் வைத்திருப்பதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். சட்டியை நேரே கழிப்பறைக்குக் கொண்டுபோய், அங்கேயே கொட்டி, அங்கேயே அலசிக் கொண்டுவர வேண்டும். கழிவு வாளி அறைக்குள் வரவே கூடாது என்கிறார். கிருமிக் கொள்கையை அவர் அப்போது ஏற்றிருக்கவில்லை. காரணம் தெரியாமலேயே சரியான வழக்கத்தைப் பிடித்துவிட்டார்.

கையின் கதை வியன்னாவில் தொடங்குகிறது. 1847-ல் அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற வார்டைவிட மருத்துவ மாணவர்கள் பயின்ற வார்டில் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு ஜூனில் 2 விழுக்காட்டை ஒட்டி வந்தது. அவர் வாழ்நாளில் பலர் இதை ஏற்கவில்லை. 1865-ல் மனநோய் விடுதியில் இறந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜெனீவாவில் மருத்துவர் திதியே பித்தே குழுவினர் கணக்கெடுத்தபோதும், கழுவ வேண்டிய தருணங்களில் பாதிக்கும் குறைவாகவே, அதாவது 48 விழுக்காட்டில்தான், கை சுத்தம் செய்யப்பட்டது. கட்டிலருகிலேயே ஆல்கஹால் கரைசல் வைத்து, தொடர்ந்து நினைவூட்டி 66 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவமனைத் தொற்று 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9-க்குக் குறைந்தது. 2009-ல் உலகச் சுகாதார நிறுவனம் உலகெங்கும் கொண்டுசென்ற ‘ஐந்து தருணங்கள்’ இந்த வேரிலிருந்து வளர்ந்தவை: நோயாளியைத் தொடுமுன், தூய்மை காக்க வேண்டிய செயலுக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்டபின். மூன்றாவது தருணம் பெட்பேனுக்கும் யூரின் பேக்குக்கும் நேராகப் பொருந்துவது. கையுறை போட்டிருந்தேன் என்பது இங்கே விலக்காகாது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம். கழற்றும்போதும் கையில் படும்.

இந்தத் துறை தன் இரு பாடங்களையும் ஒன்றாகக் கற்றுக்கொண்ட இடம் சிறுநீர்க் குழாய். வார்டில் எல்லாரும் ‘யூரின் டியூப்’ என்று சொல்லும் கேத்தீட்டர், இன்றைய வடிவில் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலியின் பெயரால் வழங்குகிறது. நுனியில் ஒரு சிறு பலூன். சிறுநீர்ப்பைக்குள் போனதும் நீரேற்றி ஊதினால் குழாய் நழுவாது. 1930-களின் நடுவில் வந்த இந்தச் சிறு ஏற்பாடு, நீர் அடைத்துத் துடித்த எத்தனையோ முதியவர்களைக் காப்பாற்றியது. கூடவே ஒரு புதிய வாசலையும் திறந்தது. அந்நாளில் குழாயின் மறுமுனை கட்டிலடியில் வைத்த திறந்த சாடியில் தொங்கும். நாலு நாளுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமி வந்துவிடும். 1958-ல் பால் பீசன் என்ற அமெரிக்க மருத்துவர், கேத்தீட்டருக்கு எதிரான வாதம் என்றே தலைப்பிட்டு எழுதினார். 1966-ல் குனின், மெக்கார்மக் என்ற மருத்துவர்கள் இருவரும், குழாயும் பையும் ஒன்றாக இணைந்து எங்கும் திறக்காத மூடிய அமைப்பில் தொற்று வெகுவாகத் தள்ளிப்போவதைக் காட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டிக் பை அப்படி வந்தது. அதிலும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 விழுக்காடு வரை ஆபத்து கூடிக்கொண்டே போகும். ஆகவே, இன்றைக்கும் இந்தக் குழாய் வேண்டுமா என்று தினமும் கேட்பதே முதல் தடுப்பு.

இந்தத் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானது ஈ.கோலி. அது குடலில் இருப்பது. மலத்தில் வெளியேறி, தோலில் தங்கி, குழாயின் புறச்சுவரைப் பற்றிக்கொண்டு மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும் என்று பாட்டிகள் காலத்திலிருந்து சொல்லிவரும் வழக்கமும், மலம் கழித்தபின் குழாயைச் சுற்றியுள்ள தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும் என்ற விதியும் இங்கே பொருள் பெறுகின்றன. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குத் தாழ்வாக இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது, குழாய் மடியக்கூடாது என்ற விதிகளுக்கும் அதேதான் காரணம்: இறங்கிய நீரும் கிருமியும் மேலே ஏறக்கூடாது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைப்பதை இன்றும் நம் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் பார்க்கலாம். ஒரு நொடி வேலைதான். கெடுதலுக்கு அது போதும்.

தொற்றைத் தடுப்பதோடு செவிலியின் பணி முடிவதில்லை. கழிவைப் படிக்கவும் வேண்டும். பெரியவர் ஒருவருக்குச் சிறுநீர் எடைக் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டராவது இறங்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லி. நாள் முழுவதும் சேர்ந்து 400 மில்லிக்குக் குறைந்தால் சிறுநீரகமோ இரத்த ஓட்டமோ ஆபத்தில் இருக்கிறது. தார்போல் கறுத்து ஒட்டும் மலம் இரைப்பைப் பக்கத்து இரத்தக் கசிவைச் சொல்லும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் கறுக்கும் என்பதால் கேட்டுத் தெளிய வேண்டும். வெளுத்த களிமண் நிறம் பித்தப் பாதை அடைப்பைக் காட்டும். படுக்கையிலிருக்கும் முதியவருக்குத் திடீரென்று நீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே கெட்டிப்பட்டு அடைத்த மலத்தைச் சுற்றி நீர் வழிவதாகவும் அது இருக்கலாம். அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போவதும் இப்படி இருக்கலாம். சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது, காலியாகவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியும் செவிலி மருத்துவரின் அரைநாளை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். 1997-ல் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த லூயிஸ், ஹீட்டன் இருவரும் வெளியிட்ட ஏழுவகை மல அட்டவணை உலகெங்கும் பரவியது, வெட்கப்பட்டுச் சொல்ல வராததை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது என்பதால்தான்.

கழிவைப் படித்தறிவது தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி ஆகியவற்றோடு மலமும் மூத்திரமும் சரிநிகராக நிற்கின்றன. காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக ஓடுகிறதா, மோதிரமாக வட்டமிடுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொல்லும் நெய்க்குறி, சித்தர் தேரையர் மரபில் வருவது. கழிவைக் கண்டு முகம் சுளிக்காமல் அதை உற்றுப் பார்த்த மனநிலை அதில் இருக்கிறது. ஆனால் பார்த்த கையைக் கழுவுவது குறித்த கண்டிப்பு மேற்கிலும் கிழக்கிலும் பின்னால்தான் வந்தது. செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே 1847-ல்தான் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய அறுவை மருத்துவ நூலான இரண வைத்தியம் 1867-ல் வந்தது. அறுவை மருத்துவர் ஜோசஃப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை லான்செட் இதழில் எழுதியதும் அதே ஆண்டில்தான். தமிழில் நவீன அறுவை நூல் வந்தபோது கிருமித் தடுப்பு இன்னும் பிறந்துகொண்டிருந்தது. அதன்பின் 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையிலும் 1909-ல் வேலூரிலும் தொடங்கிய செவிலியர் பயிற்சி வளர்ந்து பெருகியது. பாடமோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது.

இரு பாடங்களும் ஒரே வாளியில் சேர்வதைக் காட்ட காலராக் கட்டிலைவிட நல்ல சான்று இல்லை. கான்வாஸ் கட்டிலில் இடுப்புப் பக்கம் ஒரு ஓட்டை. அதன் கீழே அளவுக்கோடு போட்ட வாளி. டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆய்வு மருத்துவமனையில் வரிசை வரிசையாக இவற்றைப் பார்க்கலாம். அரிசி கழுவிய நீர்போல் போகும் மலம் கடும் காலராவில் மணிக்கு ஒரு லிட்டரைக்கூடத் தொடும். வாளியில் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு உப்பு நீர் உடலுக்குத் திரும்பப் போக வேண்டும். அளந்தபின் குளோரின் கலந்து அழித்துவிட வேண்டும். 1971-ல் வங்கதேச அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில் சிரை வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்க வைத்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவு 3.6-க்கு இறங்கியது. அந்த நீரை ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்கள். பயிற்சியில்லாத கைகளிடம் எளிய விதியை நம்பி ஒப்படைக்கலாம் என்பதற்கு இது என்றைக்கும் சாட்சி.

எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்து செல்லாது. உயிரெதிரி மருந்துகளை நீண்டநாள் கொடுத்தபின் வரும் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை போட்டு வித்தாகிவிடுகிறது. ஆல்கஹால் கரைசல் அதைக் கொல்லாது. அங்கே சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். தரைக்கும் கட்டிலுக்கும் குளோரின் வேண்டும். கருவிகளுக்கு அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் வகுத்த மூன்று படிகளும் இதே சிந்தனைதான். இரத்தத்திலும் திசுவிலும் நுழைவதற்கு வித்துகள் உட்பட முழுக் கிருமியழிப்பு, சளிச்சவ்வைத் தொடுவதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம், காயமில்லாத தோலை மட்டும் தொடுவதற்கு அதற்கும் கீழே. பெட்பேன் கடைசிப் படியைச் சேர்ந்தது. அதற்கென உள்ள இயந்திரம் 80 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் அலசினால் போதும். அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் குழாயடியில் கையால் தேய்க்கிறார்கள்; தெறிக்கும் துளி தேய்ப்பவரின் கண்ணிலும் வாயிலும் விழுகிறது.

தேய்ப்பவர் யார்? நம் ஊர் வார்டுகளில் ஆயாம்மா, துப்புரவுப் பணியாளர், இல்லையென்றால் கூட இருக்கும் மகளோ மருமகளோ. பதிவேட்டில் அளவை எழுதுவது சிஸ்டர்; அளந்து கொட்டுவது இவர்கள். 2016-ன் மருத்துவக் கழிவு விதிகளின்படி காலியான யூரின் பேக் சிவப்புத் தொட்டிக்கும், இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளுக்கும் போக வேண்டும். பிரித்துப் போடும் கையும் பல இடங்களில் இவர்களுடையதே. தொற்றுத் தடுப்பு வகுப்பில் முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் இவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். மேல்சாதி கீழ்சாதிக் கணக்கில் இந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். வகுப்புக்கு அவர்களை அழைக்காமல் விடுவதிலும் அந்தக் கணக்கின் மிச்சம் இருக்கிறது. வகுப்பைத் தமிழில் நடத்துவதும் கடினமில்லை. கொரோனாக் காலத்தில் முகக்கவசம், தனிமைப்படுத்தல் என்ற சொற்களெல்லாம் சில வாரங்களில் கிராமம்வரை போய்ச் சேர்ந்தன. தேவை என்று உணர்ந்தால் மொழியும் மக்களும் தயார்.

அப்படியொரு வகுப்பு, டியூபோடு வீட்டுக்குப் போகும் நோயாளியின் குடும்பத்திடமிருந்தே தொடங்கலாம். எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம்கூட வராது. பையைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள்; அதற்கென்று தனிக் குவளை வையுங்கள், குழாயின் வாய் குவளையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையை இடுப்புக்கு மேல் தூக்காதீர்கள். டியூபையும் பையையும் நீங்களாகப் பிரிக்காதீர்கள். வெளிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் டியூப் நுழையும் இடத்தைக் கழுவி விடுங்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ, நீர் கலங்கி இரத்தம் கண்டாலோ, சில மணி நேரமாகப் பையில் ஒன்றுமே இறங்காமல் அடிவயிறு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.