குகைப்பள்ளியும் குடைவரைக் கோயிலும்

மரக்காணத்துக்குத் தெற்கே உப்பளங்களை அடுத்துள்ள அனுமந்தையினின்று அன்பரொருவர், "குடைவரைக் கோயில்கள் யாவும் சமண முனிவர் உறைந்த குகைகளே, சைவர் பின்னர் அவற்றைக் கவர்ந்து இலிங்கம் தாபித்தனர் என்பது மெய்யோ?" என வினவியுள்ளார். உவர்மண்ணும் மணலுமாகிய அக்கரையிற் சான்று தேடற்க. மேற்கே செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக் குன்றுகளே இவ்வழக்கைத் தீர்க்க வல்லன.

இக்கூற்று, இயற்கைக் குகையையும் உளியாற் குடைந்த கோயிலையும் ஒன்றெனக் கொண்ட மயக்கத்தாற் பிறந்தது. இயற்கைக் குகையில் முனிவர் செய்வித்தன சிலவே: படுக்கைகள், தலையணைபோல் மேடுவிட்ட பகுதி, மழைநீர் உள்வாராமைப் பொருட்டு முகப்பில் வெட்டிய காடி. நெகனூர்ப்பட்டியில், சேக்கந்தியின் தாய் செய்வித்த பள்ளி என்பதைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டே கூறுகின்றது. திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தமை பொறிக்கப்பட்டுள்ளது. இத்தகைய இடங்களைச் சித்தர் இருக்கையென நம்மவர் சிலர் உரிமை பாராட்டுதலும் பிழையே. முந்தி உறைந்தோர்க்கே உரிமையெனின், பூண்டிக்கு அணித்தாகிய குடியம் குகையிற் பழைய கற்கருவிகளை விட்டுச்சென்ற மாந்தர்க்கன்றோ அது சேரும்! அவர்தம் சமயம் யாதென எவர் சொல்வார்?

இனித் தளவானூரை நோக்குக. அங்கே ஒரே குன்றில் இரண்டும் உள. இயற்கைக் குகையிற் சமணர் படுக்கைகள் இருக்க, அதனைத் தீண்டாது, வேறோர் பாறைமுகத்தை மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புதிதாகக் குடைவித்துச் சத்துருமல்லேசுவராலயம் எனப் பெயரிட்டான். தூண்களும் மகர தோரணமும் வாயில் காப்போரும் அப்பாறையிலேயே வடிக்கப்பட்டன. கவர்ந்த குகையாயின், அடுத்திருந்த படுக்கைகள் எஞ்சியதெங்ஙனம்?

மண்டகப்பட்டுக் கல்வெட்டோ, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அயன், ஈசன், மால் மூவர்க்கும் கோயில் அமைத்ததாக அவ்வரசனைப் புகழ்கின்றது. அவையின்றி அமைத்தமை வியப்பெனின், அவற்றாற் கட்டிய கோயில்கள் முன்னரே உளவாதல் வேண்டும். அவை அழிந்தமையின், குடைவரைக்கு முன் நம் இறைவற்குக் கோயிலே இல்லையென்பார் இவ்வொரு கல்வெட்டையேனும் படித்திலர்.

ஆயினும் வினவிய அன்பர்க்கு ஒன்று மறையாது கூறுதும். திருப்பரங்குன்றத்துத் தென்பக்கத்து உமையாண்டார் கோயில் சமணக் குடைவரையாயிருந்து, 13ஆம் நூற்றாண்டிற் சிவன் கோயிலாக மாற்றப்பட்டதென ஆராய்ச்சியாளர் கொள்வர். அதனை யாமும் உடன்படுகின்றேம். அம்மலையிற் பெற்ற விடையைத் தளவானூர்க்கும் மண்டகப்பட்டுக்கும் ஏற்றியுரைத்தலையே ஈண்டு மறுத்தாம்.