கேட்டதும் வேண்டியதும்

சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராய்ப் பொறுப்பேற்றவர் எஸ். ஆர். இரங்கநாதன். நூலக இயலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் வெளிவந்தன. அவ்விதிகளைப் புகழ்வோர் பலர். ஆனால் அவ்விதிகளெல்லாம் எந்த இடத்தில் சோதனைக்கு உள்ளாகின்றனவோ அந்த இடத்தைப் பற்றி அவர் எழுதியதைப் பேசுவோர் சிலரே. வாசகர் ஒருவர் நூலகரின் மேசையருகே வந்து நின்று ஒன்றைக் கேட்கும் இடமே அது. அப்பணியைக் குறிப்புதவிப் பணி என்பர். அதைப் பற்றி அவர் 1940இல் தொடங்கி, 1961இல் தனி நூலாகத் திருத்தி வெளியிட்ட கருத்துகளை நாம் இங்கு எடை போட்டுப் பார்க்க விழைகிறோம்.

முதலில் அவருடைய பெருமையைச் சொல்லிவிடுவோம். நூலகர் வாசகருடன் கலந்து பழகி உதவ வேண்டும் என்பதை 1876இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகரான சாமுவேல் கிரீன் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். இரங்கநாதனோ அந்நல்லெண்ணத்தை ஒரு முறையான துறையாகவே ஆக்கினார். அகராதியையோ ஆண்டு மலரையோ புரட்டிச் சில நிமிடங்களில் விடையளிப்பது ஒரு வகை; பல நூல்களைத் துருவி, நாள் கணக்கிலும் தேடித் தருவது மற்றொரு வகை என்று பிரித்தார். வாசகர் வருமுன் செய்ய வேண்டிய ஆயத்தம், வந்தபின் செய்யும் உதவி, சென்றபின் அத்தேடலிலிருந்து நூலகர் தாம் கற்றுக்கொள்வது என மூன்று நிலைகளையும் காட்டினார். நூலகர் காவலாளி அல்லர், வாசகரின் துணைவர் என்பதை இவ்வளவு பிடிவாதமாக நம் நாட்டில் வேறெவரும் சொல்லவில்லை.

எனினும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. வாசகரின் கேள்வியை அதன் பொருட்கூறுகளாகப் பகுத்துவிட்டால், அவருக்கு வேண்டியது தெளிந்துவிடும் என்று அவர் பெரிதும் நம்பினார். கணிதம் பயின்ற அறிஞர் அப்படி நம்பியதில் வியப்பில்லை. ஆராய்ச்சி மாணவருக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் பொது நூலகத்துக்கு வருவோரெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களா?

பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து, “சீறாப்புராணம் இருக்கிறதா?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வியில் ஐயம் ஏதுமில்லை. அலமாரி எண்ணும் தெரியும். மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட காப்பியத்தை நூலகர் எடுத்து நீட்டுகிறார். பையன் நான்கு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்து போய்விடுகிறான். அவனுக்கு வேண்டியிருந்தது, மறுநாள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் உமறுப் புலவரைப் பற்றியும் அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுவதற்கான செய்தி. “எதற்காக, தம்பி?” என்று கேட்டிருந்தால் போதும்.

இந்த உண்மையை அமெரிக்க அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். மனத்தில் உருவமற்ற ஒரு குறையாகத் தோன்றுவது, பின் தெளிந்து, சொல்லாகி, இறுதியில் நூலகத்தில் எது கிடைக்கும் என்ற ஊகத்துக்கேற்பச் சுருங்கியே வாசகரின் வாயிலிருந்து வருகிறது என்றார் அவர். ஆகவே நூலகர் பொருளை மட்டுமன்று, நோக்கத்தையும், கேட்பவரின் இயல்பையும், எத்தகைய விடை அவருக்கு ஏற்புடையது என்பதையும் உசாவியறிய வேண்டும். இரங்கநாதன் பொருளுக்குக் கொடுத்த இடத்தை டெய்லர் மனிதருக்குக் கொடுத்தார் என்பது நம் கருத்து.

அதற்காக இரங்கநாதனைத் தள்ளிவிடலாமா? ஆகாது. கனிவாக உசாவத் தெரிந்தும் அலமாரியை அறியாத நூலகரால் அந்தச் சிறுவனுக்கு என்ன பயன்? எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்கள் தொகுத்த இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் என்று ஒன்று உண்டென்பதை அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். அப்துற் றஹீம் என்ற பெயரையே அப்துல் ரஹீம் என்றும் அப்துர் ரகீம் என்றும் எழுதுவோர் உண்டாதலால், ஓரெழுத்து மாறினாலும் பட்டியலில் நூல் மறைந்துவிடும் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும். இது இரங்கநாதன் வற்புறுத்திய ஆயத்தம். உசாவல் வழியைக் காட்டும். ஆயத்தமே அவ்வழியில் நடத்திச் செல்லும்.

இவ்விரண்டில் ஒன்று குறைந்தால் நேரும் இழப்பு சிறிதன்று. அமெரிக்க நூலகங்களில் ஆய்வாளர்கள் வாசகரைப் போல் சென்று கேள்வி கேட்டுச் சோதித்ததில், ஏறத்தாழ 55 விழுக்காடு விடைகளே சரியாயிருந்தன என்று ஹெர்னனும் மெக்லூரும் 1986இல் எழுதினர். சரியான விடை மட்டும் அளவுகோலாகாது, அதே நூலகரிடம் அவ்வாசகர் மீண்டும் செல்ல விரும்புவாரா என்பதையும் காண வேண்டும் என்று ஜோன் டரன்ஸ் 1989இல் மறுமொழி கூறினார். நம்மைச் சிந்திக்கச் செய்வது இந்த இரண்டாவது அளவுகோல்தான். வெறுங்கையுடன் திரும்பும் சிறுவன் நூலகத்தைக் குறை கூறுவதில்லை. தனக்குக் கேட்கத் தெரியவில்லை என்றே எண்ணிக்கொள்கிறான். பிறகு அவன் வருவதில்லை. முதன்முறை தயங்கித் தயங்கி நூலகப் படியேறும் நம் வீட்டுப் பெண்மக்களின் நிலையும் இதுவே.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டதில் இரங்கநாதனுக்குப் பெரும் பங்குண்டு. சட்டத்தால் கட்டடமும் வரியும் நூல்களும் வரும், மேசைக்கு அப்பாலிருந்து ஒருவர் தலைநிமிர்ந்து, “உங்களுக்கு எது வேண்டும், எதற்காக?” என்று கேட்பது சட்டத்தால் வராது. கைபேசியில் தட்டினால் ஆயிரம் விடை கொட்டும் இந்நாளில் நூலகர் எதற்கு என்று வினவுவோருக்கும் நாம் சொல்வது இதுவே: விடைகளுக்கு இன்று பஞ்சமில்லை, நம் கேள்வியைப் பொறுமையுடன் கேட்டு, அதை நமக்கே தெளிவாக்கித் தருபவருக்குத்தான் பஞ்சம்.

ஆதலின் பெற்றோரிடம் நமக்கொரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பும்போது, நூலின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எதற்காக வேண்டும், எவ்வளவு வேண்டும், ஏற்கெனவே என்ன தெரியும் என்பதையும் நூலகரிடம் கூறச் சொல்லுங்கள். நூலகர் கேட்க மறந்தாலும், வாசகர் சொல்ல மறவாதிருக்கட்டும்.