கொறங்காட்டுச் செவல்: ஒரு மண்ணும் அதைத் தரம்பிரித்த மரபுகளும்

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே எரியோடு, வேடசந்தூர், குஜிலியம்பாறை என்றும், வடமேற்கே ஒட்டன்சத்திரம் தாண்டி இடையகோட்டை, கள்ளிமந்தையம் என்றும் விரியும் சமவெளியில் கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் காடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரங்கள். கொறங்காடு என்பார்கள். காங்கேயம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் பரந்து கிடக்கும் இந்த மேய்ச்சல் முறையின் தெற்கு விளிம்பு நம் மாவட்டத்தில் வந்து முடிகிறது. காங்கேயம் மாட்டைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்த மாட்டைத் தாங்குகிற மண்ணைப் பற்றித் தமிழில் தனியாகப் படிக்கக் கிடைப்பது சொற்பம். அந்த மண்ணைக் காலந்தோறும் யார் யார், எந்த அளவுகோலை வைத்துத் தரம்பிரித்தார்கள் என்பதை இந்த மலரில் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

முதலில் மண். நம் சமவெளியின் அடியில் கிடப்பவை நைஸ், சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய பாறைகள். ஒட்டன்சத்திரம் பக்கம் அனார்த்தோசைட்டும் உண்டு. இந்தப் பாறைகளிலுள்ள கருநிறக் கனிமங்கள் வெயிலிலும் மழையிலும் சிதையும்போது அவற்றின் இரும்பு வெளிப்பட்டு, ஹேமடைட்டாக மாறி, மண் துகள்களின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. செவலின் சிவப்பு அதுதான். இவ்வளவு சிவக்க மிகக் கொஞ்சம் இரும்பே போதும் என்பதால், நிறத்தைப் பார்த்து வளத்தை மதிப்பிட முடியாது. ஃபெல்ஸ்பார் சிதைந்து களியாகிறது. அந்தக் களியில் கயோலினைட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கரிசலின் களியைப்போல அது நனைந்து வீங்குவதுமில்லை, காய்ந்து பிளப்பதுமில்லை. நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் திறன் அதற்குக் குறைவு. கடைசிவரை சிதையாமல் மிஞ்சுவது குவார்ட்ஸ். காட்டில் கால்வைக்கும் இடமெல்லாம் தட்டுப்படும் வெங்கச்சங்கல்லும் சரளையும் அதன் மிச்சமே.

மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 800 மி.மீ.யைச் சற்றே தாண்டும். ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டிவிடும். மேல்மண்ணிலுள்ள களியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க இந்த மழைக்கு வலு உண்டு. சுண்ணாம்பை முழுதாகக் கழுவி வெளியேற்றும் வலு கிடையாது. அதனால்தான் நல்ல ஆழமுள்ள செவலில் ஒரு முழம் தோண்டியதும் மண் கெட்டிப்பட்டுச் சிவப்பு கூடுகிறது. அதற்கும் கீழே பல இடங்களில் சுக்கான்கல் வந்துவிடுகிறது. ஆழமில்லாத இடத்தில் இந்த அடுக்கு எதுவும் இராது. ஒரு சாண் மண், உடனே உளுத்த பாறை.

ஆடுமாடு வைத்திருப்பவர்களின் தரம்பிரிப்பு எழுத்தில் இல்லை. அது நிலத்தின் சரிவை ஒட்டியே அமைந்தது. கரட்டின் உச்சியில் பாறையும் சரளையும், அதன் கீழ் சரளைச் செவல், அதற்கும் கீழ் ஆழமான செவல், ஓடைக்கரையில் வண்டல், நீர் தேங்கும் கடைசிப் பள்ளத்தில் கரிசல் அல்லது களர். மேலேயிருந்து அரித்துப் போனது கீழே சேர்கிறது என்ற கணக்கில் பார்த்தால் இவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். கிழக்கு ஆப்பிரிக்க மண்களை ஆராய்ந்த ஜெஃப்ரி மில்ன் 1930களில் இதே கருத்தை முன்வைத்து அதற்குச் சங்கிலி என்று பொருள்படும் லத்தீன் பெயரையே இட்டார். மண்ணியல் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது படிப்பாக வரவில்லை. எந்தத் துண்டில் எருதை விடுவது, எதில் கொள்ளு விதைப்பது என்ற அன்றாடத் தீர்மானமாக வந்தது.

இந்த மரபில் எனக்கு மதிப்பு அதிகம். சரளையைக் குறையாகவே பார்க்காத ஒரே மரபு இதுதான். செம்மண்ணின் பெரிய பலவீனம் அதன் மேற்பரப்பு. மழைத்துளி அறைந்ததும் நுண்துகள்கள் கலைந்து துளைகளை அடைத்துவிடும். வெயில் வந்ததும் மேலே ஓடு கட்டிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும், முளையும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரத் திணறும். ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கிய சர்வதேச ஆய்வு நிறுவனமான இக்ரிசாட், செம்மண்ணின் இந்தக் குணத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. மேலே பரவிய சரளை துளியின் அறையைத் தான் வாங்கிக்கொள்கிறது, ஆவியாதலையும் குறைக்கிறது. அதன் இடுக்கில் விழுந்த கொழுக்கட்டைப் புல் விதை பிழைக்கிறது. வெள்வேலின் வேர் உளுத்த பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, பயிருக்கு எட்டாத ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. உழவனுக்கு ஆழம் குறைந்த மண், மேய்ப்பவனுக்குப் போதுமான மண்.

அரசின் தரம்பிரிப்புக்கும் நீண்ட வரலாறு உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நிலத்துக்குத் தரம் இட்டதும், தரமிலி என்று சில நிலங்களை ஒதுக்கியதும் காணப்படுகின்றன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனி வசமானது. சென்னை மாகாணத்தில் 1858இல் செட்டில்மெண்ட் துறை உருவான பிறகு, இன்று நம் கிராம நிர்வாக அலுவலகங்களில் இருக்கும் அ-பதிவேட்டின் அடிப்படை வந்தது. அதில் 'மண் வயனமும் ரகமும்' என்றொரு கலம், 'தரம்' என்றொரு கலம். கரிசல், செம்மண், மணல் என்று முதலில் இனம் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் களியின் அளவைப் பார்த்து மேலும் பிரித்தார்கள். அதன்பின் மிக நல்லது தொடங்கி மிக மோசம் வரை ஐந்து ரகம் வைத்தார்கள். பெரிய வேலைதான். விரலில் தேய்த்துப் பார்த்தே மண்ணின் இனத்தைச் சொல்லப் பழகியவர்கள் ஊர் ஊராக நடந்து செய்தது.

ஆனால் அந்த அளவுகோலின் மறுமுனை தானியம். புஞ்சை நிலத்தில் சோளமோ கம்போ கேழ்வரகோ எவ்வளவு விளையும், அதன் விலை என்ன, சாகுபடிச் செலவு போக மிஞ்சுவதில் சர்க்காருக்கு எவ்வளவு என்பதே கேள்வி. புல்லுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. எனவே சரளைச் செவல் ரகத்தின் அடித்தட்டில் போய் விழுந்தது. பயிர் ஏறாத ஆண்டில் அடங்கல் அதைத் தரிசு என்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது புல்லைப் புதுப்பித்து, இன்ன மாதத்தில் எத்தனை உருப்படியை விடுவது என்று கணக்கிட்டுப் பேணும் பட்டா நிலத்துக்கு இந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது.

மண்ணியல் என்ற அறிவியல் மரபு ரஷ்யாவில் தொடங்கியது. 1883இல் டொகுசாயெவ் கருமண் பற்றிய தம் நூலில், மண் வெறும் பாறைத்தூள் அல்ல, பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் எல்லாம் சேர்ந்து உருவாக்கும் தனிப்பொருள் என்று நிறுவினார். அமெரிக்க வேளாண்மைத் துறை 1975இல் முழு வடிவில் வெளியிட்ட மண் வகைப்பாடு அந்தச் சிந்தனையிலிருந்து கிளைத்தாலும், காரணத்தைவிடக் கண்ணால் காண்பதையும் அளப்பதையும் முன்னே வைத்தது. 1976இல் நாகபுரியில் அமைந்த தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டப் பணியகம் இதையே பின்பற்றுகிறது. ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகப் பிரித்து, மன்செல் வண்ண அட்டையோடு நிறத்தை ஒப்பிட்டு, ஒவ்வொரு அடுக்கின் களியையும் அளந்து பெயர் வைக்கும் முறை இது.

இதன்படி, கீழடுக்கில் களி சேர்ந்து, காரச் சத்துகள் முற்றிலும் கழுவப்படாமல் இருக்கும் நம் ஆழமான செவல் ஆல்ஃபிசால் என்ற வரிசையில் வருகிறது. ஆண்டில் 90 நாளாவது வறண்டிருந்தும், பயிர்க்காலத்தில் ஈரம் கிடைக்கும் நிலத்துக்கு 'உஸ்டிக்' என்ற அடைமொழி உண்டு. அதனால் அது உஸ்டால்ஃப். அடர்சிவப்பானால் ரோடுஸ்டால்ஃப், இல்லையேல் பெரும்பாலும் ஹாப்லுஸ்டால்ஃப். கடவூர் மலைப் பக்கத்துப் பாலவிடுதி ஊரின் பெயரைத் தாங்கிய பாலவிடுதி மண் தொடர், ஆய்வேடுகளில் ரோடுஸ்டால்ஃப் என்றே குறிக்கப்படுகிறது. களி சேராத இளம் செம்மண்ணுக்கு இன்செப்டிசால் வரிசை. கோவை இருகூர்த் தொடர் அதற்கு எடுத்துக்காட்டு. பாறை 50 செ.மீ.க்குள் வந்துவிட்டால் 'லித்திக்' என்ற முன்னொட்டு. கொறங்காட்டின் மேட்டுத் துண்டுகள் பலவற்றுக்குப் பொருத்தமான சொல் அது.

இந்த மரபின் நேர்மை அதன் துல்லியம். ஆனாலும் அதன் பெயர்கள் நிலையானவை அல்ல. இருகூர் மண்ணை நெடுங்காலம் உஸ்ட்ரோபெப்ட் என்று எழுதினார்கள். 1999இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த வகுப்பே நீக்கப்பட்டு, ஹாப்லுஸ்டெப்ட் ஆயிற்று. மண் மாறவில்லை, வாஷிங்டனில் விதி மாறியது. 1998இல் வந்த உலக மண் ஒப்பீட்டு முறையோ இதே செவலை, களியின் தரத்தைப் பொறுத்து லிக்சிசால் என்றோ லூவிசால் என்றோ அழைக்கும். ஆஸ்திரேலியர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தங்கள் வறண்ட மேய்ச்சல் பரப்புகளின் செம்மண், அமெரிக்கச் சட்டகத்துக்குள் சரியாக அடங்கவில்லை என்று கண்டு, 1996இல் இஸ்பெல் தொகுத்த தேசிய வகைப்பாட்டில் கண்டோசால் என்ற தனி வரிசையையே வைத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் நிலம் ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் எண்ணப்படும்போது அதன் மண்ணுக்கும் தனி இடம் கிடைக்கிறது என்பதே எனக்கு இதில் தெரிவது. வறட்சியைத் தாங்குமென்று அங்கே பரப்பிய புல்லும் நம் கொழுக்கட்டைப் புல்தான். அங்கேயும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் அது இயற்கைக் காடுகளுக்குள் புகுந்து தீயைப் பரப்பும் களையாகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் செவலில் அது பூர்வகுடி. கிளுவை வேலிக்குள் மாட்டின் வாய்க்குக் கட்டுப்பட்டு வளர்கிறது.

இன்று விவசாயியின் கைக்கு வந்து சேரும் தரம்பிரிப்பு, 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டை. கார அமில நிலை, உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டங்கள் என்று 12 அளவுகள். உரச்செலவைக் குறைக்க இது உதவுகிறது, ஐயமில்லை. குடகனாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் அந்த உப்புக் கலம் மிக முக்கியம். ஆனால் மாதிரி எடுப்பது 'V' வடிவக் குழியில் 15 செ.மீ. வரைதான். மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. கரட்டு உச்சியும் ஓடைக்கரையும் அந்தப் பத்து ஹெக்டேருக்குள்ளேயே அடங்கிவிடும். பாறை எத்தனை முழத்தில் இருக்கிறது, சரளை எவ்வளவு, சுக்கான் எங்கே என்று அட்டை கேட்பதே இல்லை. கரிமம் 0.5 சதவீதத்துக்குக் குறைந்தால் 'குறைவு' என்கிறது. உழுது தீர்த்த செவலும் பல்லாண்டு புல் நின்ற செவலும் ஒரே 'குறைவு' கட்டத்தில் விழுந்தாலும், அவற்றின் மேல்மண்ணைக் கையில் எடுத்தால் ஒன்று தூசியாகப் பறக்கும், மற்றது வேரோடு கட்டியாக நிற்கும்.

அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1961இல் வெளியிட்ட நிலத்திறன் வகைப்பாட்டில் எட்டு வகுப்புகள். முதல் நான்கு உழவுக்கு. ஐந்து முதல் ஏழு வரை புல்லுக்கும் காட்டுக்கும். எட்டாவது காட்டுயிருக்கும் நீர்ப்பிடிப்புக்கும். அதை வரைந்தவர்கள் பின் நான்கையும் கழிவு நிலம் என்று சொல்லவில்லை, உழக்கூடாத நிலம் என்றார்கள். இங்கே அந்த வேறுபாடு தேய்ந்துபோனது. 2000இல் வெளிவந்த இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு, புதர் நிலத்தையும் தன் 13 வகைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் வெள்வேல் நிற்கும் மேய்ச்சல் காடும் புதர்தான். அப்படி ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், அந்த நிலத்தை எதற்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. ஆழமான செவல் ஆழ்துளைக் கிணறும் முருங்கையுமாக மாறுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஒட்டன்சத்திரம் சந்தை அதற்கு விலை கொடுக்கிறது, மண்ணும் தாங்கும். சாண் ஆழச் சரளைச் செவலை டிராக்டரால் கீறி, சரளையைப் பொறுக்கி வரப்பில் குவிப்பது வேறு. மூடியிருந்ததை நீக்கியதும் மண் ஓடு கட்டும், ஓரிரு பெருமழையில் மேல்மண் குடகனாற்றுக்குப் போய்விடும். அதன்பின் புல்லும் திரும்பாது.

எனவே மாவட்ட மண் ஆய்வுப் பணியில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. புஞ்சைப் பட்டாவில் புல் நிற்கும் நிலங்களுக்கு அடங்கலில் 'மேய்ச்சல்' என்று தனிக் குறிப்பு வேண்டும். மண்வள அட்டையில் பாறை வரையுள்ள ஆழம், சரளையின் பங்கு, புல் எத்தனை ஆண்டாக நிற்கிறது என்ற மூன்று கலங்கள் கூடுதலாக வேண்டும். முதல் இரண்டுக்குக் கடப்பாரையும் சல்லடையும் போதும். மூன்றாவதை நிலத்துக்காரர் சொல்வார். குஜிலியம்பாறை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டங்களில் எஞ்சியிருக்கும் கொறங்காடுகளிலிருந்து இந்தக் கணக்கை ஆரம்பிக்கலாம். மனைப்பிரிவுக்கும் சூரிய மின் பலகைகளுக்கும் நிலம் கைமாறிவரும் இந்த ஆண்டுகளிலேயே அது நடக்க வேண்டும்.